கியர் மாத்து மச்சி: டயர் சுத்தாத யானை

போன வாரம் செயின் ஸ்பிராக்கெட் மேட்டரைப் படிச்சுட்டு பைக்கைக் கழட்டிப் போட்டவங்க எல்லாரும் திரும்ப மாட்டிட்டீங்களா? ஒண்ணு ரெண்டு நட்டு மிச்சம் இருந்தா டென்ஷன் ஆகாதீங்க. எனக்கும்தான் மிச்சம் இருக்கு.

இந்த வாரம் நம்ம ஏரியா கதை. அண்ணனூர். ஆவடிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி. எலெக்ட்ரிக் ட்ரெயின்கள் ராத்திரி வந்து படுத்துத் தூங்குகிற கார் ஷெட் இருக்கே, அதே ஊர்தான். இங்கே என் கிளாஸ்மேட் ஒருத்தன். நிஜப் பேரைப் போட்டா அவங்க அப்பா படிச்சுடுவார். அதனால 'டீசல்'னு வெச்சுக்குவோம். அவங்க அப்பா தண்ணி கேன் போடுறவர். விடியற்காலை அஞ்சு மணிக்கெல்லாம் சின்ன யானையில லோடு ஏத்திக்கிட்டு சி.டி.ஹெச். ரோடுல பாடி மேம்பாலம் தாண்டிப் போயிட்டு வருவார். டாடா ஏஸ்தாங்க சின்ன யானை. செகண்ட் ஹேண்ட் வண்டி, டியூ இன்னும் ஓடுது.

நம்ம டீசலுக்கு இன்ஸ்டால ஒரு ரீல் சிக்கிடுச்சு. அமெரிக்காவுல ஏதோ ஒரு பார்க்கிங் லாட். பெரிய பிக்கப் டிரக் நின்ன இடத்துலேயே நிக்குது, பின் டயர் மட்டும் 'ங்ங்ங்'னு சுத்துது, வெள்ளையா புகை. பத்து தடவை பார்த்துட்டு என்கிட்ட வந்தான்.

"மச்சி, அதுவும் பிக்கப், நம்மளுதும் பிக்கப். அதுவும் பின் வீல் டிரைவ், நம்மளுதும் பின் வீல் டிரைவ். ஞாயித்துக்கிழமை பண்றோம். நீ வீடியோ எடு."

நான் மெக்கானிக்கல் மாணவன். தெர்மோவுல ஒரு அரியர் இருந்தாலும் மானஸ்தன். 'வேணாம்டா'ன்னு சொல்லியிருக்கணும். 'எந்த ஆங்கிள்ல எடுக்கறது?'ன்னு கேட்டேன்.

ஞாயிறு மதியம், லோடு இல்லாத வண்டி, ஆளில்லாத தெரு. ஃபர்ஸ்ட் கியர் போட்டு, முழு ரெய்ஸ் கொடுத்து, கிளட்ச்சைப் படக்குன்னு விட்டான். ரெண்டு தடவை வண்டி குதிச்சு ஆஃப் ஆச்சு. மூணாவது தடவை 'கீச்'னு ஒரு சின்ன சத்தம்... எலி வாலை மிதிச்ச மாதிரி. அவ்வளவுதான். வண்டி குடுகுடுன்னு ஓட ஆரம்பிச்சுடுச்சு. புகையும் இல்லை, பரபரப்பும் இல்லை. திண்ணையில இருந்த ஒரு பாட்டி மட்டும் சிரிச்சாங்க.

சரி, ஏன் சுத்தலை? இங்கேதான் மேட்டர் ஆரம்பம். ஆர்ட்ஸ் குரூப் மக்கள் அடுத்த பத்தியைத் தாண்டிக் குதிக்காதீங்க. பெருக்கல், வகுத்தல் மட்டும்தான்.

2005-ல வந்த முதல் ஏஸ்ல இருந்தது 702 சி.சி., ரெண்டு சிலிண்டர் டீசல் எஞ்ஜின். பவர் 16 ஹெச்.பி. டார்க் சுமார் 38 நியூட்டன் மீட்டர். டீசல் வீட்டு வண்டியும் அந்தத் தலைமுறைதான். எஞ்ஜின் கொடுக்கிற டார்க்கை கியர் பாக்ஸும் பின் ஆக்ஸிலும் சேர்ந்து பெருக்கும். ஃபர்ஸ்ட் கியர்ல அது மொத்தமா ஒரு 25 மடங்குன்னு கணக்குக்கு வெச்சுக்குவோம். 38 இன்ட்டு 25, அதாவது 950. வழியில பல்சக்கரங்கள் கமிஷன் அடிக்கிறது போக 855. 12 இஞ்ச் ரிம் போட்ட அந்தக் குட்டி வீலோட ஆரம் சுமார் 0.26 மீட்டர். வகுத்தா, டயர் ரோட்டைப் பின்னாடி தள்ளுற விசை கிட்டத்தட்ட 335 கிலோ எடைக்குச் சமம்.

இப்போ எதிர்க் கட்சி. ரோடு எவ்வளவு பிடிச்சு வெச்சுக்கும்? காலி வண்டியில பின் வீல் மேல உட்காருற எடை 350 கிலோன்னு வைங்க. காய்ஞ்ச தார் ரோட்டோட பிடி அதுல 80 சதவிகிதம். அதாவது 280 கிலோ. 335 பெருசா, 280 பெருசா? 335-தான். அப்படின்னா டயர் சுத்தியிருக்கணுமே?

சுத்திச்சு பாஸ். அந்த 'கீச்' அதுதான்!

ஆனா ஃபர்ஸ்ட் கியர்ல எஞ்ஜின் 3,200 ஆர்.பி.எம். போனாலும், 25-ஆல வகுத்தா வீல் சுத்துறது நிமிஷத்துக்கு 128 தடவை. அது வெறும் 12 கிலோமீட்டர் வேகம். வண்டி நகர்ந்து அந்த வேகத்தைப் பிடிச்சதும் டயரும் ரோடும் ராசியாகிடும். சறுக்கல் ஓவர். நம்ம ஊர் சைக்கிள்காரரே 12-க்கு மேல போவார். இந்த வேகத்துல டயர் சூடாகி, ரப்பர் கருகி, வெள்ளைப் புகை வரணும்னா அடுத்த செமஸ்டர்தான் வரும்.

'அப்போ செகண்ட் கியர் போட வேண்டியதுதானே?' கேட்பீங்கன்னு தெரியும். டீசலும் கேட்டான். செகண்ட்ல வீல் வேகம் ஏறக்குறைய ரெட்டிப்பாகும், சரி. ஆனா தள்ளுற விசை பாதியாகிடும். 335 போய் 170. ரோட்டோட 280-க்கு முன்னாடி இந்த 170 ஒரு மொக்கை பீஸ். டயர் அசையவே அசையாது. ஃபர்ஸ்ட்ல பலம் இருக்கு, வேகம் இல்லை. செகண்ட்ல வேகம் இருக்கு, பலம் இல்லை. ரெண்டும் ஒரே நேரத்துல வேணும்னா அதுக்குப் பேர்தான் பவர். நம்ம பசங்க டீக்கடையில 'டார்க், டார்க்'னு கத்துறாங்களே, டார்க்கை கியர் போட்டு எவ்வளவு வேணா ஏத்திக்கலாம். பவரை மட்டும் எந்த கியராலயும் ஒரு சொட்டுகூட ஏத்த முடியாது.

புகைக்கு எவ்வளவு பவர் வேணும்? நின்ன வண்டியில டயர் ஒரு 45 கிலோமீட்டர் வேகத்துல சுத்தணும்னு வைங்க. 280 கிலோ பிடியை எதிர்த்து அந்த வேகத்துல சுத்த 34 கிலோவாட் வேணும். ஹெச்.பி.யில 46. சறுக்க ஆரம்பிச்சதும் பிடி கொஞ்சம் குறையும், அதனால 40-ன்னே தள்ளுபடி கொடுப்போம். நம்மகிட்ட இருக்கறது 16! ரீல்ல வர்ற மாதிரி ஃபோர்டு எஃப்-150-ல வி8 எஞ்ஜின் வாங்கினா 400 ஹெச்.பி. வரும். அதுவும் அந்த வண்டிக்கு முன்னாடி கனமான எஞ்ஜின், பின்னாடி காலித் தொட்டி. பின் டயர் மேல எடை கம்மி, எஞ்ஜின்ல பவர் ஜாஸ்தி. புகை வராம என்ன செய்யும்?

சின்ன யானையைப் பார்த்து அழ வேண்டாம். அது ரேஸுக்குப் பிறந்ததில்லை. வண்டி, டிரைவர், லோடு எல்லாம் சேர்த்து 1,550 கிலோவை 16 ஹெச்.பி.யில இழுக்கணும்னு டிசைன் பண்ணினது. டன்னுக்கு 10 ஹெச்.பி.தான் வருது. பக்கத்து ஆவடி ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியில பண்ற அர்ஜுன் டேங்க் இருக்கே, அந்த மார்க் 1 மாடல் 58.5 டன், 1,400 ஹெச்.பி. டன்னுக்கு 24! ஒரு டேங்க், தண்ணி கேன் வண்டியைவிட ரெண்டு மடங்குக்கு மேல துடிப்பா இருக்குங்கிறது நம்ம ஊர்ல மட்டுமே கிடைக்கிற காமெடி.

இதோட நிறுத்தியிருந்தா கதை சுபம். டீசல் நிறுத்தலை.

"வண்டி நகர்றதாலதானே மச்சி பிரச்னை? நகராம பிடிச்சுக்கிட்டா?" என்றபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டான். நானும் கேமராவை ஆன் பண்ணினேன். யோசிச்சுப் பாருங்க... ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது எந்த வீலை? பின் வீலை! எந்த வீல் சுத்தணுமோ அதையே கட்டிப்போட்டுட்டு சுத்தச் சொல்றான். ஃபுட் பிரேக் போட்டாலும் நாலு வீலும் நிக்கும். நிஜமா டயர் சுத்த விடுறவங்க முன் வீலை மட்டும் பிடிச்சு நிறுத்த தனி ஏற்பாடு வெச்சிருப்பாங்க.

ஃபுல் ரெய்ஸ், ஹாஃப் கிளட்ச். பத்து செகண்ட், இருபது செகண்ட். எஞ்ஜின் கத்துது, வீல் நிக்குது. நடுவுல யாராவது ஒருத்தர் சறுக்கித்தானே ஆகணும்? டயர் சறுக்கலை. கிளட்ச் சறுக்கிச்சு. 16 ஹெச்.பி.ன்னா 12 கிலோவாட். அதுல பாதி வந்தாக்கூட நாலு இண்டக்‌ஷன் அடுப்பை ஃபுல்லா வெச்சு டிஃபன் தட்டு சைஸ்ல இருக்கற ஒரு கிளட்ச் பிளேட்டைச் சுடுற மாதிரி. புகை வந்தது மக்களே! ஆனா டயர்ல இருந்து இல்லை, சீட்டுக்கு அடியில இருந்து. அந்த வாசனையை ஒரு தடவை மோந்தவன் மறக்க மாட்டான். கருகின சப்பாத்தியும் கருகின ரப்பரும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி.

வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தோம். ரெண்டு கிலோமீட்டர். வீடியோ இன்னும் என் போன்ல இருக்கு. போட மாட்டேன்.

திங்கட்கிழமை வண்டி ஓடலை. தண்ணி கேன் பிசினஸ்ல ஒரு நாள் லீவுங்கிறது நம்ம காலேஜ் கட் மாதிரி இல்லை. ஒரு நாள் கேன் வரலைன்னா கஸ்டமர் அடுத்த ஆளுக்கு போன் போட்டுடுவார். கிளட்ச் செட்டு, கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். அன்னிக்கு ஒர்க் ஷாப்ல அங்கிள் எங்களை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு.

மெக்கானிக் அண்ணன் பிளேட்டை வெளிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டயர் சுத்தணும்னா ஒண்ணு எஞ்ஜின்ல வேகம் இருக்கணும், இல்ல ரோட்டுல பிடி போகணும். ரெண்டும் இல்லாம நடுவுல இருக்கறவனைப் போட்டு ஏன்டா கொன்னீங்க?" என்றார். எங்க புரொஃபஸர் மூணு கிளாஸ் எடுத்ததை மூணு வரியில முடிச்சுட்டார். அப்புறம் அங்கிள் பக்கம் திரும்பினார். "அண்ணே, பசங்க பண்ணது கடைசி அடிதான். பிளேட்டு ஏற்கனவே பாதி தேஞ்சு போயிருக்கு. எவ்வளவு லோடு ஏத்துறீங்க?"

அங்கிள் பதில் சொல்லலை. டீசல் மெதுவா, "அறுபது கேன்" என்றான்.

கணக்கு எனக்குள்ள தானா ஓடிச்சு. 20 லிட்டர் கேன், தண்ணியோட 21 கிலோ. அறுபதுன்னா 1,260 கிலோ. அந்த வண்டியோட லோடு அளவு 750. இவ்வளவு எடையும் பெரும்பாலும் பின் டயர் மேல உட்கார்ந்தா, ரோட்டுப் பிடி 280 கிலோவுல இருந்து ஆயிரத்தைத் தாண்டிடும். டயர் சறுக்கவே சறுக்காது. அங்கேயும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது அதே கிளட்ச்தான். பாடி மேம்பாலத்துல ஏறும்போது முன்னாடி ஒரு பஸ் நின்னுச்சுன்னா, செகண்ட் கியர்லயே ஹாஃப் கிளட்ச் பிடிச்சு நகர்த்துவாராம். செகண்ட்ல நம்மகிட்ட இருக்கற மொத்த விசையே 170 கிலோதான். கேன், வண்டி, ஆள் எல்லாம் சேர்ந்த ரெண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையை மேட்டுல இழுக்க அதுல பெரும்பகுதி போயிடும். மிச்சம் இருக்கறதை வெச்சு நின்ன வண்டியை வேகம் பிடிக்க வைக்கணும். அதுவரைக்கும் கிளட்ச் தேஞ்சுக்கிட்டே இருக்கும். தினமும்.

சரி, அப்கிரேடு மேட்டருக்கு வருவோம். டீசல் ஏற்கனவே ஒரு லிஸ்ட் வெச்சிருந்தான். பெரிய அலாய் வீல், அகல டயர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர், பம்ப் செட்டிங் ஏத்துறது. ஒவ்வொண்ணா பல்பு உடைப்போம். வீல் ஆரம் 10 சதவிகிதம் பெருசானா, தள்ளுற விசை கிட்டத்தட்ட அதே அளவு குறையும். பெரிய வீல் போட்டா யானை எலியாகும். சைலன்ஸரை மாத்தினா சத்தம்தான் 46 ஹெச்.பி. மாதிரி வரும். டர்போ இல்லாத எஞ்ஜின்ல பம்ப்பை ஏத்தினா, எரியறதுக்குக் காத்து பத்தாம டீசல் கறுப்புப் புகையா வெளிய போகும். வேற எஞ்ஜினையே தூக்கி வைக்கலாம்னா, அந்த பவரைத் தாங்க கியர் பாக்ஸ், ஆக்ஸில், பிரேக் எல்லாம் மாத்தணும். இதுல சட்டமும் இருக்கு. கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டும்.

பவர் நிஜமாவே வேணும்னா அடுத்த சைஸ் வண்டிதான் வழி. 2011-ல வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் 55 ஹெச்.பி., ஒண்ணேகால் டன் லோடு. அங்கிளோட அறுபது கேனும் கிட்டத்தட்ட சட்டப்படியே உட்காரும். 2022-ல ஏஸ்லயே எலெக்ட்ரிக் வந்துச்சு. 27 கிலோவாட், 130 நியூட்டன் மீட்டர். மோட்டார் நின்ன இடத்துல இருந்தே முழு டார்க் கொடுக்கும். மேம்பாலத்துல கருக அதுல கிளட்ச்சே கிடையாது. விலையைப் பத்தி அங்கிள்கிட்ட பேச எனக்கு தைரியம் வரலை.

இன்னொரு சீன் சொல்லணும். கிளட்ச் மாட்டின அடுத்த வாரமே மழை. எங்க பக்கத்துத் தெருவுல மழை பெய்ஞ்சா ரோடு எது, குட்டை எதுன்னு கூகுளே குழம்பும். காலி வண்டி சேத்துல இறங்குச்சு. டீசல் ஆக்ஸிலரேட்டரை லேசாத்தான் தொட்டான்... டயர் 'விர்ர்ர்'னு சுத்துது! ஞாயித்துக்கிழமை கெஞ்சியும் சுத்தாத அதே டயர். சேத்துல பிடி சுத்தமா போயிடுச்சு, அதனால 16 ஹெச்.பி.யே ராஜா. சுத்தினது இடது டயர் மட்டும். வலது டயர் கெட்டித் தரையில சும்மா நின்னு வேடிக்கை பார்த்துச்சு. டிஃபரன்ஷியல் பண்ற வேலை அது. ரெண்டு பக்கமும் எப்பவும் சமமான விசையைத்தான் கொடுக்கும். சேத்து டயருக்கு அஞ்சு கிலோ விசைதான் தாங்கும்னா, நல்ல டயருக்கும் அதே அஞ்சுதான். தார் வண்டியிலயும் பொலேரோ நியோவோட டாப் மாடல்லயும் இதுக்குன்னே டிஃபரன்ஷியலைப் பூட்டுற செட்டப் வருது. நமக்கு அது இல்லை.

அங்கிள் வந்தார். ஹேண்ட் பிரேக்கை ரெண்டு பல்லு மட்டும் இழுத்தார். ஆமாம், அதே ஹேண்ட் பிரேக்! லேசா பிடிச்சதும் சுத்துற டயருக்கும் ஒரு எதிர்ப்பு கிடைச்சுது, அந்த எதிர்ப்புக்குச் சமமா நல்ல டயருக்கும் விசை போச்சு. எங்களைத் தொட்டியில பின்னாடி ஏறி நிக்கச் சொன்னார், பின் டயர் மேல எடைக்காக. செகண்ட் கியர், ரெய்ஸ் கம்மி. வண்டி 'ம்ம்ம்'னு முனகிக்கிட்டு வெளிய வந்துச்சு. டிஃபரன்ஷியல் தியரியில நான் வாங்கின பதிமூணு மார்க்கை மனசுக்குள்ள திருப்பிக் கொடுத்துட்டேன்.

ரயில் எஞ்ஜின்களுக்கும் இதே தலைவலி உண்டு. இரும்புத் தண்டவாளத்துல இரும்பு வீல், மழை பெய்ஞ்சா பிடியே இருக்காது. அதனால எஞ்ஜின்ல மணல் பெட்டி வெச்சிருப்பாங்க, சறுக்கினா வீலுக்கு முன்னாடி மணல் கொட்டும். நம்ம கார் ஷெட் எலெக்ட்ரிக் ட்ரெயின்கள் இன்னும் புத்திசாலி. ஒரே எஞ்ஜின் இழுக்காம பல மோட்டார் கோச்சுகள் வேலையைப் பங்கு போட்டுக்கும். எந்த வீலுக்கும் சறுக்குற அளவு பாரம் வராது.

பங்கு போடுறதுன்னதும்தான் அந்த ஐடியா வந்துச்சு. அன்னிக்கு சாயந்திரம் அங்கிள்கிட்ட பேப்பர்ல கணக்கு போட்டுக் காட்டினேன். 750-ஐ 21-ஆல வகுத்தா 35 கேன். ஓவர்லோடுல மாட்டினா 2019 திருத்தத்துக்கு அப்புறம் சட்டத்துல ஃபைன் 20,000, அதுக்கு மேல கூடுதல் டன்னுக்கு 2,000. எல்லாம் கேட்டார்.

"தம்பி, 35 கேன் ஏத்தினா டீசலுக்கும் டியூவுக்கும் சரியாப் போயிடும். இவன் ஃபீஸை யாரு கட்டறது?"

பேப்பர்ல அதுக்கு ஃபார்முலா இல்லை. பக்கத்துல நம்ம டீசல் தரையையே பார்த்துக்கிட்டிருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, "ரெண்டு ட்ரிப்பா அடிக்கலாம்ப்பா. முதல் ட்ரிப்பு கேனை நான் வந்து இறக்கறேன். எட்டு மணி ட்ரெயினைப் பிடிச்சா காலேஜுக்குப் போயிடலாம்" என்றான். காலையில எட்டு மணிக்கு முன்னாடி எழுந்ததா சரித்திரமே இல்லாதவன்!

அங்கிள் ரொம்ப நேரம் யோசிச்சார். "சரி. ட்ரிப்புக்கு நாப்பது."

நாப்பதுன்னாலும் 840 கிலோ ஆச்சேன்னு நான் வாயைத் திறந்தேன். டீசல் என் காலை மிதிச்சான்.